மருதமரத்துக் களம்

கருங்குளத்திலிருந்து ஆதிச்சநல்லூர்ப் பறம்பைத் தாண்டிக் கிழக்கே போனால், தாமிரபரணியின் தென்கரையில் மூன்று மருதமரங்கள் நின்ற மேடு ஒன்று இருந்தது. வருவாய்க் கணக்கில் அதற்கு என்ன பெயரோ, எங்கள் ஊருக்கு அது கம்புக்களம், சிலம்பம் பழகும் இடம். ஒரு பக்கம் வாழைத்தோட்டம், ஒரு பக்கம் ஆறு. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கு முன்னும் இரண்டு வண்டி ஆற்றுமணல் கொண்டுவந்து களத்தில் பரப்புவார்கள். புதுமணலில் முதல் கால் வைப்பதற்காக நாங்கள் விடியுமுன்னே ஓடுவோம். பனியில் நனைந்த மணல் உள்ளங்காலில் ஏறும்போது வரும் அந்தக் குளிரை இப்போதும் என் கால்கள் மறக்கவில்லை.

1986-ல் அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பெண்பிள்ளை கம்பு சுற்றப் போகிறாள் என்று ஊரில் பேச்சு எழுந்தது. அங்கே கம்பு கற்றுத்தரும் வாத்தியாரின் பேத்தியும் களத்தில் நிற்கிறாள் என்ற ஒரே காரணத்தால்தான் அம்மா சம்மதித்தாள். வாத்தியார் பகலில் வாழைத்தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுகிறவர். வீட்டில் அவர் எனக்குத் தாத்தா முறை. களத்துக்குள் கால் வைத்துவிட்டால் வாத்தியார் மட்டும்தான். அவர் பேத்தி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளை அக்கா என்பேன், அவள் என்னை ஏட்டி என்பாள். அண்ணனின் பழைய அரைக்கால் சட்டையைப் போட்டு, அதன்மேல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருவரும் நிற்போம்.

முதல் மூன்று மாதம் கையில் கம்பு கிடையாது. காலடி மட்டும்தான். முன்னே வைத்த கால் எங்கே, பின்னே வாங்கிய கால் எங்கே, திரும்பும்போது எடை எந்தக் காலில் நிற்கிறது என்று வாத்தியார் மணலில் விழுந்த தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால், "தூங்கிட்டே நின்னிருக்கே" என்பார். பிறகு கம்பு வந்தது. தரையில் ஊன்றினால் நெற்றிப்பொட்டைத் தொடும் உயரம். மூங்கிலை வெட்டி ஆற்றில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அனல் காட்டி நிமிர்த்தி, எண்ணெய் பூசி எடுப்பார்கள். "ஒன் ஒசரத்துக்கு வெட்டுன கம்பு. இன்னொருத்தன் கம்பு ஒனக்குப் பேசாது" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்.

வணக்கம் செய்து, சலாம் வரிசை போட்டு, வீச்சு தொடங்கும் முன் எங்களை ஒரு இடத்தில் நிறுத்துவார். கம்பின் ஒரு முனையை என் கையில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையால் மணலில் என்னைச் சுற்றி ஒரு வட்டம் இழுப்பார். "இதுதான் ஒன் வீடு. இதுக்குள்ள யாரு வந்தாலும் ஒனக்குத் தெரியணும். தெரியாம வந்துட்டான்னா கம்பு இருந்தும் இல்லாததுதான்." அவர் வைத்த வரிசை எளிமையானது: கண்ணு முதல்ல, காலு ரெண்டாவது, கம்பு மூணாவது. எதிராளியின் கம்பைப் பார்க்காதே, நெஞ்சைப் பார், தோள் அசையாமல் கை வராது என்பார். விலகத் தெரிந்த பிறகுதான் வீசக் கற்றுத் தந்தார்.

அதன்பின் ஜோடி கட்டிவிட்டார். பெண்பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். ஆகவே அக்காதான் என் ஜோடி. கம்போடு கம்பு தொட்டு, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தொடங்குவோம். கம்பு முனையில் துணி சுற்றிச் சுண்ணாம்பில் தோய்த்திருக்கும். பட்ட இடத்தில் வெள்ளைப் பொட்டு விழும். முடிந்ததும் யார் சட்டையில் எத்தனை பொட்டு என்று எண்ணுவோம்.

தொடக்க நாட்களில் என் சட்டையில் பொட்டே விழாது. எனக்குப் பெருமையாக இருந்தது. நான்கைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் ஒருநாள் ஆட்டத்தை நிறுத்தினார். அக்காவிடம், "அவளுக்கு எரக்கம் காட்டுதியா? வெளிய எவன் எரக்கம் காட்டுவான்? பொய்யா வீசுனா அவ பொய்யாத்தான் தடுக்கப் படிப்பா. நெசமா வீசு. தொட்ட எடத்துல நிறுத்து" என்றார். அன்று மாலை என் இடது தோளில் மட்டும் ஏழு பொட்டு. மறுநாளும் இடது தோள்தான். எனக்கு இடப்பக்கம் கவனம் போதாது என்பதை நான் அறிந்தது அப்படித்தான். எனக்கே தெரியாத என் ஓட்டையை அவள் கம்பு கண்டுபிடித்து, வெள்ளையாகக் குறித்துக் காட்டியது.

நிஜமாக வீசித் தொட்ட இடத்தில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது சுழலும் கம்பைக் கையில் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். வேகத்தைக் குறைத்தால் எதிரே நிற்பவள் எதையும் கற்கமாட்டாள். நிறுத்தத் தவறினால் அவள் எலும்பு முறியும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த மயிரிழையை அவள் எனக்காகத் தினமும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் நான் நிறுத்தத் தவறினேன். கீழ்வெட்டு வீசியபோது கம்பு அவள் பிடியில் இறங்கி, வலக்கை மோதிரவிரல் முறிந்தது. களத்தில் ஒரு சட்டம் உண்டு: அடித்த கைதான் எண்ணெய் தேய்க்க வேண்டும். விரலுக்கு முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியவர் வாத்தியார். கட்டு அவிழ்ந்த நாளிலிருந்து ஒரு மாதம், தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த விரலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டவள் நான். அழுதுகொண்டே நீவுவேன். அவள் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. விரல் முறிந்த ஒரு வாரத்திலேயே கட்டுப்போட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இடக்கையில் கம்போடு களத்தில் வந்து நின்றாள். "நான் வரலேன்னா நீ யாரு கூட வெளையாடுவ?" என்றாள். பிறருக்கு நன்றி சொல்ல நினைக்கும்போதெல்லாம் அந்த ஒரு கேள்விதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கம்பு சுற்றத் தனியாகவும் பழகலாம். தற்காப்பைத் தனியாகப் பழக முடியாது. அதற்கு நம்பி உடம்பைக் கொடுக்கிற இன்னொருவர் வேண்டும்.

ஆண்பிள்ளைகளில் பலர் எம்.ஜி.ஆர் படத்துச் சிலம்பச் சண்டைகளைப் பார்த்துக் களத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அவரும் வாத்தியார், இவரும் வாத்தியார். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர் மறைந்தபோது மூன்று நாள் களம் கூடவில்லை. நான்காம் நாள் மருதமரத்தடியில் ஒரு கம்பை நட்டு, அதற்கு மாலை போட்டுவிட்டு ஆடத் தொடங்கினோம். அம்மன் கொடையில் நையாண்டி மேளத்துக்கு முன்னால் பையன்கள் அலங்கார வீச்சு வீசுவார்கள். எங்கள் இருவரையும் கொடையில் இறங்க ஊர் விடவில்லை. வாத்தியார் அன்றிரவே களத்தில் பெட்ரோமாக்ஸ் ஏற்றி, தன் மனைவியையும் என் அம்மாவையும் உட்காரவைத்து எங்களை ஆடச்சொன்னார். அம்மா அன்றுதான் முதன்முதலாக என் கம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. ஒரு மருதமரம் சாய்ந்தது. நான் அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குத் திருமணமாகிவிட்டது. அடுத்த ஆண்டு ஒரு மாலை, பேருந்து நிலையத்திலிருந்து விடுதிக்கு நடக்கும்போது பின்னால் ஒரு காலடி கேட்டது. நான் வேகம் கூட்டினேன், அதுவும் கூடியது. குறைத்தேன், அதுவும் குறைந்தது. இடப்பக்கமாக நெருங்கியது. இடது தோளில் சுண்ணாம்புப் பொட்டு விழுந்ததுபோல் ஒரு சுரீர். நான் பூக்கடை வெளிச்சத்துக்கு விலகி, முழுதாகத் திரும்பி, மடக்கிய குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கம்பு தூரம் இருந்தது. "என்ன வேணும்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டேன். பூக்கார அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் போய்விட்டான். நான் யாரையும் அடிக்கவில்லை. அடிக்கும் நிலைக்கு முன்பே விலகச் சொல்லிக்கொடுத்த களம் அது.

ஈவ் டீசிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது 1998-ல்தான். அதுவும் சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் உயிர் போன பிறகு. பெண்கள் அழைக்க 181 என்ற எண் இன்று இருக்கிறது. இவையெல்லாம் வேண்டும். பின்தொடர்கிறவன் செய்வது குற்றம், அதற்குப் பெண் பொறுப்பல்ல என்பதையும் உரக்கச் சொல்லவேண்டும். ஆனால் சட்டமும் தொலைபேசியும் வந்து சேரும்வரை உள்ள அந்தச் சில நொடிகளில் எனக்குத் துணை நின்றவை மணலில் இழுத்த ஒரு வட்டமும், என்னிடம் பொய்யாக வீச மறுத்த ஒருத்தியும்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தார் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஆறு கரை தெரியாமல் ஓடியது. தை பிறந்ததும் நான் ஊருக்குப் போனேன். அந்த ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டிருந்தது. கொடைப் பந்தலில் எங்களுக்குக் கிடைக்காத இடம், எங்கள் மகள் வயதுப் பெண்களுக்கு நாடு பார்க்கும் அரங்கில் கிடைத்துவிட்டது என்று நினைத்து மனம் நிறைந்தது.

அக்காவும் நானும் களத்தைத் தேடிப் போனோம். மேடு இல்லை. முழங்கால் ஆழத்துக்கு வண்டல் படிந்து, வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மருதமரம் ஒன்று மட்டும், வேரில் பாதி வெளியே தெரிய, சாயாமல் நின்றது. வாத்தியார் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அக்கா குனிந்து வண்டலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த மோதிரவிரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, சொல்லவேண்டும் என்று இத்தனை ஆண்டு சேர்த்து வைத்ததையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். "போதும்ட்டி, வெயில் ஏறுது, வா" என்றாள்.

ஆற்றங்கரை வழியே ஊருக்குத் திரும்பினோம். அவள் என் வலப்பக்கம் நடந்து வந்தாள். வாய்க்கால் பாலம் தாண்டி வண்டிகள் ஓடும் சாலையில் ஏறியதும், பேசிக்கொண்டே, தன்னை அறியாமல், என் பின்னாலாகச் சுற்றி இடப்பக்கம் வந்து சேர்ந்துகொண்டாள்.