வள்ளம் யாருடையது?

எயிட்ஸ் நோயைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எம்மவரின் நா உடனே ஒழுக்கத்தைத் தேடி ஓடுகிறது. நாமும் அத்தவறைச் செய்தவர்தாம். வகுப்பறையிலே இந்நோயைப் பற்றிப் போதித்தபொழுது கரும்பலகையில் மூன்று விதிகளை எழுதினோம்: புலனடக்கம், துணைக்கு உண்மையாயிருத்தல், ஆணுறை. ஆபிரிக்கக் கிராமங்களில் நோய் மிகுந்திருப்பதற்கு அறியாமையே காரணம் என்றும் தயங்காது கூறினோம். ஒரு நாள் கடைசி வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அந்தப் பெண்களுக்கு இந்த மூன்றும் தெரிந்திருந்தால் வருத்தம் வராதா?" என்று கேட்டாள். "வராது" என்றோம். விக்டோரியா ஏரிக்கரைப் பெண்களைப் பற்றிப் படிக்க நேர்ந்த பின்னரே அம்மறுமொழி எம்மை உறுத்தத் தொடங்கியது.

அவ்வேரியின் கென்யக் கரையில் லுவோ மக்கள் வாழ்கின்றனர். 2018ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசியக் கணிப்பின்படி கென்யாவில் வயது வந்தோருள் எச்.ஐ.வி. தொற்றுடையோர் 4.9 சதவீதம், ஆண்களில் 3.1, பெண்களில் 6.6. ஏரியோரத்து ஹோமா பே மாவட்டத்திலோ 19.6 சதவீதம். அங்குள்ள பெண்கள் மற்றைய கென்யப் பெண்களைவிட ஒழுக்கத்தில் குறைந்தவர்களா? அவ்வாறு எண்ணுவோர் ஒரு முறையேனும் மீன் கரையேறும் இடத்தைக் கவனித்தல் வேண்டும்.

மீன் பிடிப்பது ஆண்களின் தொழில். அதை வாங்கி, உலர்த்தி, பொரித்து, சந்தையில் விற்பது பெண்களின் தொழில். பெண் வள்ளத்தில் ஏறித் தொழிலுக்குப் போதல் ஆகாது என்பது பழைய விலக்கு. வள்ளம் கரை தட்டும்பொழுது பாத்திரத்துடன் காத்து நிற்கும் பெண்கள் பலர், மீனோ கொஞ்சம். யாருக்குக் கொடுப்பது என்பதை வள்ளத்திலிருப்பவன் தீர்மானிக்கிறான். அவனுடன் உறவு கொள்பவளுக்கு முதலிடம். இந்த ஏற்பாட்டுக்கு 'ஜபோயா' என்று பெயரும் உண்டு. இதில் எம்மைத் திடுக்குறச் செய்தது ஒன்று. உடலைக் கொடுத்தவள் மீனை இனாமாகப் பெறுவதில்லை. விலையும் கொடுத்தே வாங்குகிறாள். மீனை வாங்குவதற்குரிய இடமே அவள் உடலுக்குக் கிடைக்கும் ஊதியம். ஆணுறை அணியும்படி அவனை அவள் கேட்கலாம். கேட்டால் மறுநாள் மீன் வேறொருத்தியின் பாத்திரத்துக்குப் போகும். வீட்டிலே அடுப்பு எரியாது. மூன்று விதிகளையும் மனனஞ் செய்து ஒப்புவிக்கக் கூடியவளுக்கும் இதுவே கதி.

இஃது ஆதிகாலந்தொட்டு வந்த வழக்கம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. எமது கொடுவா மீனின் உறவான நைல் பேர்ச் என்னும் பெருமீன், 1950களில், குடியேற்ற ஆட்சி நிலவிய காலத்திலேயே ஏரிக்குக் கொண்டுவரப்பட்டது. 1980களில் அது பல்கிப் பெருகியது. ஏரிக்கே உரிய சிறு மீனினங்கள் பல அழிந்தன. கரையிலே ஏற்றுமதித் தொழிற்சாலைகள் எழுந்தன. மீனின் சதை ஐரோப்பாவுக்குப் பறந்தது. தலையும் முள்ளும் உள்ளூர்ப் பெண்களுக்கு எஞ்சின. எஞ்சியதற்கும், நெத்தலி போன்ற 'ஒமேனா' என்னும் சிறுமீனுக்கும் அவர்கள் முண்டியடிக்க வேண்டியதாயிற்று. வள்ளத்தில் செல்பவனும் பெரும்பாலும் கூலியாள்தான். வள்ளமும் வலையும் சம்மாட்டியுடையவை. சுரண்டப்படுபவன் தனக்குக் கீழுள்ளவளைச் சுரண்டுகிறான்.

கரைக்கு வருவோருள் விதவைகள் பலர். கணவன் இறந்தபின் அவனது உறவினன் ஒருவனை ஏற்கும்படி வழக்கம் அவளை நெருக்குகிறது. மறுப்பவள் வீட்டையும் நிலத்தையும் இழக்க நேர்வதுண்டு.

மருத்துவம் கைகட்டி நிற்கவில்லை. தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் நடந்து 2024இல் முடிவு வெளிவந்த ஒரு பரிசோதனையில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை லெனகபவிர் ஊசி பெற்ற 2,134 பெண்களுள் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லை. எந்த ஆணின் சம்மதமும் வேண்டாத காப்பு இது. இதன் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடோம். ஆயின் ஊசி வந்து சேரும் பாதையும் பிறர் கையிலேயே உள்ளது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபொழுது, அப்பணத்தில் நடந்த கென்யச் சிகிச்சை நிலையங்கள் பலவற்றின் பணி தடைப்பட்டது.

என்டுரு என்னும் கரையிலிருந்த பெண்கள் 2011 அளவில் வேறொரு வழியைக் கண்டனர். வெளியார் உதவியுடன் சொந்த வள்ளங்களைப் பெற்றனர். ஆண்களைக் கூலிக்கு அமர்த்தி ஏரிக்கு அனுப்பினர். 'மீனுக்கு உடலில்லை' என்ற கருத்துப்பட அவ்வியக்கத்துக்குப் பெயரிட்டனர். வள்ளம் தன்னுடையதான பின் மீன் யாருக்கு என்பதை அவளே சொன்னாள். அவளுக்கு எவரும் புதிதாக ஒழுக்கம் போதிக்கவில்லை. ஆனால் வள்ளங்கள் மரத்தாலானவை. பழுதடைந்தால் திருத்தப் பணம் வேண்டும். 2020இல் ஏரி முன்னொருபோதும் காணாத அளவு பெருகி அக்கிராமத்தை மூழ்கடித்தது. குடிகள் இடம்பெயர்ந்தனர்.

எம்மிடம் கேள்வி கேட்ட மாணவி இன்று தானும் ஓர் ஆசிரியை என்று அறிகிறோம். சுகாதாரப் பாடமும் அவளுக்கு உண்டாம். எமது மறுமொழியை அவள் மறந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். நல்ல மாணவி அவள், மறந்திருக்கமாட்டாள்.