சனிக்கிழமைச் சம்பளமும் ஆய்வகமும்

மங்கலம், மே 4, ஞாயிறு

விடுமுறை விட்டால் திருப்பூர்ப் பக்கம் பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைகள் பலர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். செக்கிங்கோ பேக்கிங்கோ, சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்துவிடும். மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகக்கூடிய மாணவரை நாம் இழப்பது இந்த விடுமுறையில்தான் என்பது என் எண்ணம். இவர்களைப் போல வீட்டின் முதல் பட்டதாரியாகப் படிப்பவருக்கு அரசு உதவாமல் இல்லை. 2010-இல் தொழிற்கல்விப் படிப்புகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2022-இல் புதுமைப்பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மூலம் மாதம் 1,000 ரூபாய் வந்தது. இவை கல்லூரிக்குள் சேர்த்துவிடும். ஆனால் ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பவர்கள் ஆய்வகத்தில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். இரண்டையும் விடுமுறையில்தான் தேடிக்கொள்ள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 1979-இல் தொடங்கிய குறுகியகால ஆய்வு உதவித்தொகை மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்காக உருவானது. அடிப்படை அறிவியல் படிப்போருக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் தந்தது. அதில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. நல்ல திட்டம்தான், ஆனால் அதன் முக்கிய வாசல் பிளஸ் டூவில் முதல் 1 சதவீதத்துக்குள் வருவதாக இருந்தது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப். சில தனியார் இடங்களில் புராஜெக்டுக்கு நாமே பணம் கட்ட வேண்டும். வரும் கூலியை விட்டு, கைக்காசும் போட எந்த வீடு சம்மதிக்கும்?

மே 6, செவ்வாய்

பணம் கொடுத்தால் ஆராய்ச்சியாளர் உருவாகிவிடுவாரா என்று கேட்கலாம். பணத்தால் மட்டும் ஆகாது என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988-இல் மேயர்ஹாஃப் திட்டம் தொடங்கியது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கென்று அமைந்ததல்ல, அறிவியலில் அரிதாகவே இடம்பெற்ற கறுப்பின மாணவர்களுக்காக அமைந்தது. ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும். உதவித்தொகை, கல்லூரி திறக்கும் முன்பே கோடை வகுப்பு, கூட்டாகப் படிப்பு, பட்டப்படிப்பிலேயே ஆய்வகம் எல்லாம் சேர்ந்தே கிடைத்தன. இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களைவிட இங்கே படித்தவர்கள் பல மடங்கு அதிகமாகப் பிஎச்.டி. பக்கம் போனார்கள். இரு தரப்பும் தேர்வானவர்களே என்பதால், கெட்டிக்காரப் பிள்ளை எங்கிருந்தாலும் மேலே வரும் என்ற சமாதானம் எடுபடாது. மாடர்னா கொரோனா தடுப்பூசிக்கான ஆய்வில் பங்காற்றிய கிஸ்மீகியா கார்பெட் இந்தத் திட்டத்தில் படித்தவர்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: கடன் இருக்கும் வீட்டுப் பிள்ளையைப் பத்து வருடப் படிப்பில் இறக்குவது நியாயமா? பிஎச்.டி. செய்வோருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்துவிட்டால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், குடும்பம் தாங்கும். அதற்கு முந்தைய எம்.எஸ்சி. இரண்டு வருடம்தான் கண்டம். ஆராய்ச்சி ஒத்துவராது என்று தெரிந்தால்கூட இரண்டு மாத ஆய்வகப் பழக்கம் பரிசோதனைக் கூட வேலைக்காவது உதவும். வேண்டாம் என்று அந்தப் பிள்ளை முடிவெடுக்கட்டும். பார்க்கவே விடாமல் நாம் முடிவெடுப்பதுதான் அநியாயம்.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது. சிக்கண்ணா, எல்.ஆர்.ஜி. அரசுக் கல்லூரிகள் அதே ஊரில்தான் இருக்கின்றன. பஞ்சுத் தூசு நுரையீரலை என்ன செய்கிறது, 2011-இல் சாயப்பட்டறைகளை மூட நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நொய்யலில் கலந்த கழிவு உடம்பில் என்ன விட்டுப்போனது என்று ஆராய வேண்டிய கேள்விகளும் இங்கேயே கிடக்கின்றன. பனியன் ஏற்றுமதியாளர்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, கம்பெனி தரும் அதே கூலியை இரண்டு மாதத்துக்கு ஆய்வகத்தில் நிற்கும் மாணவருக்குக் கொடுக்கட்டும். அடுத்த மே மாதத்துக்குள் அந்த மாணவர்களின் முதல் பட்டியல் வரட்டும்.