விதியும் கவசமும்

தைப்பிங்கில் மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாதென்பதை வாசகர்கள் அறிவார்கள். அத்தகைய சனிக்கிழமை மாலைகளில் நமது தம்பியும் அவன் தோழர்களும் நம் வீட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை ஆடுவர். 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்டது அது. ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்றுக் கதையை நடத்திச் செல்ல வேண்டும். விதிநூல் ஆங்கிலத்தில் இருப்பதால், தோட்டத்துக் கிராணியாகிய நம்மிடம் பொருள் கேட்பது அவர்கள் வழக்கம்.

போர் விதி எளியதே. ஒவ்வொரு பாத்திரத்திற்கும் கவச எண் ஒன்று உண்டு. தாக்குகிறவன் இருபது முகப் பகடையை உருட்டித் தன் திறமைக்குரிய எண்ணைக் கூட்டுவான். தொகை கவச எண்ணை எட்டினால் அடி பட்டது, எட்டாவிடில் தப்பியது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கவசமற்ற சாதாரண மனிதனுக்கு எண் 10. முழு இரும்புக் கவசம் தரித்தவனுக்கு 18. திறமையெண் இல்லாத பகைவன், பகடையின் 20 முகங்களில் 11 முகங்களால் முன்னவனை வீழ்த்தலாம். பின்னவனைத் தொடுவதற்கு 3 முகங்களே உண்டு. பட்ட அடி எவ்வளவென்பதை வேறு பகடை சொல்லும். அது உயிர்ப்புள்ளிகளில் கழியும். 1978ஆம் ஆண்டில் வந்த 'ரூன்குவெஸ்ட்' ஆட்டத்திலோ, கவசம் அடியை விலக்குவதில்லை. பட்ட அடியின் அளவையே குறைக்கிறது.

எந்த விதி நியாயமானதென்று இளைஞர்கள் வாதிட்டபோது, அருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்த நமது தாயார், "ஏனப்பா, விதி விதி என்கிறீர்களே, விதியை யாரால் மாற்ற முடியும்?" என்று கேட்டார்.

நாம் தொடக்கப்பள்ளியில் பயின்ற நாளில், செம்பனை வரிசைகளினூடே பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை அடித்தவர் அவர். வாயைச் சுற்றிய துண்டொன்றே அவருக்குக் கவசம். நகங்கள் கறுத்து விழுந்தன. மூக்கில் இரத்தம் வந்தது. அதைத் தலைவிதி என்றார், நாமும் நம்பினோம். பின்னர் நாமே கிராணியானோம். முகமூடிகள் வந்து சேராத ஒரு மாதத்தில், 'வழங்கப்பட்டன' என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினோம். பிறர் தலையில் விதியை எழுதிய கை எதுவென்று அன்று நமக்கு விளங்கவில்லை.

ஆட்ட விதிகளை மனிதர்களே எழுதினர், மனிதர்களே மாற்றினர். ஆதியில் கவச எண் குறையக் குறையக் காப்பு மிகுந்தது. 2000ஆம் ஆண்டில் அதைத் தலைகீழாக்கினர். வானம் இடிந்து விழவில்லை. பாராகுவாட்டின் கதையும் அதுவே. மலேசிய அரசாங்கம் 2002இல் அதற்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் முற்றாகத் தடை செய்தது. இவற்றுள் எதை எவர் தலையில் பிரமன் எழுதினான்?

இவற்றையெல்லாம் தாயாரிடம் சொல்லி, "மனிதர் எழுதிய விதியை மனிதர் மாற்றலாம், அம்மா" என்றோம். அந்தப் பதிவேட்டின் செய்தியையும் மறைக்காமல் அன்றுதான் சொன்னோம்.

அவர் கீரைத் தண்டுகளை ஒதுக்கிவிட்டு, "மாற்றக் கூடியதென்றால், அன்றைக்கே மாற்றியிருக்கலாமே!" என்றார்.

நம்மிடம் மறுமொழி இல்லை. வந்து சேராத பொருளை வந்ததாக இன்று நாம் எழுதுவதில்லை. எனினும் அந்தப் பழைய பக்கத்தில் இருப்பது நமது கையெழுத்தே.