ஃப்ரீ

மதியம் இரண்டு மணிக்கு எனக்கு வகுப்பு இல்லை. விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்திருப்பேன். "மேடம், ஃப்ரீயா?" என்று ஒரு தலை எட்டிப் பார்க்கும். இல்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சனிக்கிழமை விழுப்புரத்தில், வீட்டில், "இன்னைக்கு நீ ஃப்ரீதானே?" என்பார்கள். அது கேள்வியே இல்லை. மாவு அரைக்க, மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக, நாத்தனார் வீட்டு விசேஷத்தில் முன்னால் போய் நிற்க, எல்லாவற்றுக்குமான உத்தரவு. கவிதை எழுத உட்கார்ந்திருந்தாலும் நான் ஃப்ரீதான்.

தமிழ் படித்தவள் இந்த ஆங்கிலச் சொல்லை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று கேட்கலாம். இது இப்போது நம் சொல். நாம் அதற்குக் கொடுத்திருக்கும் பொருள்கள் சில ஆங்கிலத்திலேயே கிடையாது. 'ஃப்ரீ ஹேர்' அப்படி ஒன்று. அவிழ்த்துவிட்ட கூந்தலை அவர்கள் 'லூஸ்' என்பார்கள். நாம்தான் அதற்கு ஃப்ரீ என்று பேர் வைத்து, வைத்த கையோடு தடையும் போட்டோம்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் வாசலில் நின்று ஃப்ரீ ஹேர் பிடிப்பது பெண் ஆசிரியர்களின் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்த முதலாமாண்டுப் பெண்ணை நிறுத்தினேன். "காயலை மேடம், கட்டினா தலைவலி வரும்" என்றாள். ரப்பர் பேண்டை நீட்டினேன். ஈர முடியை முறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவள் சட்டையின் பின்புறம் நனைந்திருந்தது. அந்தக் கல்லூரியை விட்டு வந்தாயிற்று. நீட்டியது என் கை என்பது மட்டும் போகவில்லை.

"எல்லார்கிட்டயும் ஃப்ரீயா பழகுவான்" என்பது மாப்பிள்ளைக்குச் சான்றிதழ். அதே வாக்கியத்தில் 'பழகுவா' என்று மாற்றினால் வரன் நின்றுபோகும். இதை விளக்கவே வேண்டாம், உங்களுக்குத் தெரியும்.

இந்தச் சொல்லின் வேர் எனக்குப் பிடிக்கும். மிகப் பழைய காலத்தில் அதற்கு 'அன்பு' என்று பொருள். ஆங்கிலத்தின் 'ஃப்ரெண்ட்' அதே வேரில் வந்தது. வடமொழியின் 'பிரிய'வும் அதுவே. 'ஃப்ரைடே'வுக்குப் பெயர் கொடுத்த ஃப்ரிக் என்ற பெண் தெய்வமும் அதே குடும்பம். வீட்டுக்குப் பிரியமானவர்கள் அடிமைகள் அல்லாதவர்கள். அப்படித்தான் அது விடுதலையைக் குறிக்க வந்தது என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஈரத்தலையோடு நின்ற பெண்ணிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

காசில்லாமல் கிடைப்பது என்ற பொருள் பின்னால் வந்தது. தமிழில் அதில்தான் கூச்சம் அதிகம். 2011-க்குப் பிறகு அரசே 'இலவசம்' என்பதை விட்டு 'விலையில்லா' மடிக்கணினி என்றது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குச் சீட்டு இல்லை என்று வந்தபோது அது 'கட்டணமில்லாப் பயணம்'. ஆனால் மேடையில் வேறு சொல் வந்துவிட்டது. 2022-ல் எங்கள் மாவட்டத்துக்காரரான அமைச்சர் பொன்முடி, பெண்கள் பேருந்தில் 'ஓசி'யில் போவதாகப் பேசினார். பிறகு வருத்தம் தெரிவித்தார். அவர் சொன்னதை அதற்கு முன்பே பல நடத்துநர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் திண்டிவனம் போவது புறநகர்ப் பேருந்தில். அதற்குக் காசு உண்டு, சம்பளமும் உண்டு. அம்மா கதை வேறு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை போக வேண்டும். அப்பாவிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டும். கேட்டால் "போன மாசம் வாங்கினது இன்னா ஆச்சு?" என்பார். கேட்க மனமில்லாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்து நாள் கடத்தியிருக்கிறாள். எனக்கு இது பல வருஷம் தெரியாது. கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். மகளிடமும் கேட்கத்தானே வேண்டும்.

இப்போது யாரிடமும் கேட்பதில்லை. "ஓசின்னு சொல்றாங்களேம்மா, உனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றேன்.

"இன்னா வேணா சொல்லட்டும். சீட்டக் கிழிச்சிக் குடுத்துத்தானே ஆவணும்" என்றாள். அந்தச் சீட்டுகளை அவள் எறிவதில்லை, சுருக்குப் பையில் மடித்து வைத்திருக்கிறாள்.

அடுத்த மாத்திரை தேதி செவ்வாய்க்கிழமை. பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். முண்டியம்பாக்கத்திலிருந்து அப்படியே விக்கிரவாண்டி சித்தி வீட்டுக்குப் போகிறாளாம். பொழுது சாய்ந்துதான் வருவாளாம்.