ஒரு கடாய்... நாலு பேர்... சிக்கன் பாஸ்தா!

இத்தாலிக்காரங்க யாரும் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன் பாஸ்!

நீங்களும் நாலு பேரா ரூம் எடுத்துத் தங்கியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எப்படி இருக்கும்னு தெரியும். மெஸ் லீவு. 'வாடா, பரோட்டா சாப்பிடலாம்'னு கிளம்பும்போது ஒருத்தன் மட்டும் 'வயிறு சரியில்லை, நீங்க போங்கடா'ம்பான். கோவை பீளமேட்டில் எங்க ரூமிலும் அப்படி ஒருத்தன் உண்டு. பேர் வேண்டாம், 'நம்மாளு'ன்னு வெச்சுக்குவோம். ஞாயிறு ராத்திரி மட்டும் வாராவாரம் எப்படிங்க வயிறு கெடும்? 'உனக்கும் சேர்த்து நாங்களே கொடுக்கிறோம்'னு சொல்லிப் பாருங்க... அடுத்த வாரம் ஆள் ரூமிலேயே இருக்க மாட்டான். தன்மானம் அப்படி!

அதனால வந்ததுதான் இந்தக் கடாய். நம்மாளுக்குப் பெரம்பலூர் பக்கம். வீட்டில் சின்ன வெங்காயம் போடுறாங்க. ஊருக்குப் போயிட்டு வரும்போதெல்லாம் ஒரு பை வெங்காயம் கூடவே வரும். 'வெங்காயம் உன்னுது, மத்தது எங்களுது'ன்னு டீல் பேசினோம். ஒத்துக்கிட்டான்.

சரி, மேட்டருக்கு வருவோம். நாலு பேருக்கு எலும்பில்லாத சிக்கன் 400 கிராம், பாஸ்தா 400 கிராம், தக்காளி ஆறு, சின்ன வெங்காயம் ரெண்டு கைப்பிடி, பூண்டு பத்துப் பல். சிக்கனில் தொடைக்கறியாகக் கேளுங்க. கொஞ்சம் கூட வெந்தாலும் வறண்டு போகாது. பாஸ்தா பாக்கெட்டின் பின்னாடி 'டூரம்' கோதுமை ரவைன்னு போட்டிருக்கான்னு பாருங்க. மைதா பாஸ்தா சீக்கிரம் குழைஞ்சு களியாகிடும். இண்டக்‌ஷன் அடுப்புன்னா கடாய் அடி தட்டையா இருக்கணும், காந்தம் ஒட்டணும். ஒட்டலைன்னா சூடே ஏறாது. (ஹாஸ்டல் மக்களே, வார்டன்கிட்ட மாட்டினா நான் பொறுப்பில்லை!)

மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு பிரட்டின சிக்கனை எண்ணெயில் போட்டு, சும்மா கிளறிக்கிட்டே இருக்காமல் சிவக்க விடுங்க. அப்புறம் சுத்தமான தட்டில் எடுத்து வைங்க. பச்சைச் சிக்கன் வெச்ச தட்டு வேண்டவே வேண்டாம். கடாய் அடியில் பழுப்பா ஒட்டியிருக்கே, அதைக் கழுவிடாதீங்க, ருசியே அங்கேதான்! அதிலேயே பூண்டு, வெங்காயம், தக்காளி. தக்காளி தண்ணி விட்டதும் கரண்டியால் அடியைச் சுரண்டினால் எல்லாம் கரைஞ்சு மசாலாவோடு சேர்ந்துடும்.

இப்போ ஒரு லிட்டர் தண்ணி. வடிக்கப் போறதில்லைங்கிறதால உப்பு மட்டும் பார்த்து. கொதிச்சதும் பாஸ்தா, சிக்கன் ரெண்டும் உள்ளே! வழக்கமா பாஸ்தாவைத் தனியா வேகவெச்சுத் தண்ணியைக் கொட்டுவாங்க. கரைஞ்ச மாவுச்சத்தும் அதோடு போயிடும். சோறு வடிக்கிறதுக்கும் பொங்கல் வைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மாவுச்சத்து கடாயிலேயே தங்கி, க்ரீம் ஊத்தின மாதிரி குழம்பைக் கெட்டியாக்கிடும். அடிப்பிடிக்காமல் அப்பப்போ கிளறுங்க. சுமார் 12 நிமிஷம். பாஸ்தாவைக் கடிச்சால் நடுவில் லேசா கெட்டி தெரியணும். பெரிய சிக்கன் துண்டு ஒண்ணைப் பிச்சுப் பாருங்க, உள்ளே ரோஸ் நிறம் இருக்கவே கூடாது. மிளகுத்தூள் தூவி இறக்குங்க. எங்களுக்கு மொத்தச் செலவு 300 ரூபாயைத் தாண்டினதில்லை.

போன மாசம் நம்மாளு ஊரிலிருந்து வெறுங்கையோட வந்தான். வெங்காயம் காலி. வயிறு மறுபடியும் கெட்டுடுமோன்னு மூணு பேரும் அவன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தோம். எழுந்து வந்தான். கடையில் வாங்கின பெரிய வெங்காயத்தைக் கையில் எடுத்து, 'இதெல்லாம் ஒரு வெங்காயமாடா?'ன்னு திட்டிக்கிட்டே நறுக்க ஆரம்பிச்சான்.

அன்னிக்குக் கடாயைச் சுரண்டிச் சாப்பிட்டதும் அவன்தான்!