‘டக்’குன்னு சத்தம் கேட்டா, உசுரு இருக்கு!

வைகுண்ட ஏகாதசி சமயத்துல ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில நடந்திருக்கீங்களா பாஸ்? நாம நடக்கவே வேண்டாம், கூட்டமே தூக்கிட்டுப் போயிடும். அப்போ தலைக்கு மேல கம்பத்துல கட்டியிருக்கிற கூம்பு ஸ்பீக்கரை எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருப்பீங்க? அது கத்தினா திட்டுவோம். ஊமையாப் போனா கவனிக்கவே மாட்டோம்.

நான் ஈ.சி.ஈ. படிச்சப்போ, லீவு நாள்ல அம்மாமண்டபம் ரோடு பக்கம் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில எடுபிடியா இருந்தேன். (பாக்கெட் மணிக்குத்தான். சேவை மனப்பான்மைன்னு எல்லாம் தப்பா நினைச்சுடாதீங்க!) ஒரு ஏகாதசி சாயங்காலம் மைக்ல அறிவிப்பு... ‘நீலச் சட்டை போட்ட 5 வயசுப் பையன், அம்மாவைத் தேடி அழறான்’. நாலு தடவை சொல்லியும் யாரும் வரலை. கடை அண்ணன் என்னைக் கூட்டிக்கிட்டு, ஒயர் போற வழியிலேயே ஒவ்வொரு கூம்பா காது கொடுத்துக் கேட்டுக்கிட்டு நடந்தார். ஏழாவது கூம்பு கப்சிப். அதுக்கு நேர் கீழே நின்னுதான் அந்தம்மா, போறவங்க வர்றவங்களை எல்லாம் நிறுத்தி, ‘நீலச் சட்டைப் பையனைப் பார்த்தீங்களா’ன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

அவங்களை மைக் செட்கிட்ட அனுப்பிட்டு அண்ணன் ஏணி போட்டார். காலேஜ்ல ‘ஃபால்ட் ஃபைண்டிங்’னு ஒரு செமஸ்டர் படிச்சது, அந்தக் கால் மணி நேரத்துலதான் எனக்குப் புரிஞ்சது.

கூம்போட பின்பக்கம் டப்பா மாதிரி இருக்கே, அதுக்குப் பேர் யூனிட். உள்ளே ஒரு காந்தம், அதோட இடுக்குல வாய்ஸ் காயில், காயிலோட ஒட்டின மெல்லிய டயஃப்ரம். அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபையரை ஆஃப் பண்ணிட்டு, லைன் டிரான்ஸ்ஃபார்மரைத் தனியா கழட்டி, யூனிட்டோட ரெண்டு முனையிலயும் 1.5 வோல்ட் பேட்டரியை லேசா தொட்டுப் பாருங்க. ‘டக்’குன்னா உசுரு இருக்கு, கோளாறு டிரான்ஸ்ஃபார்மர்லயோ ஒயர்லயோ. சத்தமே இல்லையா? மல்டிமீட்டர் வைங்க. 16 ஓம் யூனிட்னா 16-ஐ விடக் கொஞ்சம் கம்மியா காட்டணும். ஒண்ணுமே காட்டலைன்னா காயில் அறுந்துடுச்சு. எங்க ஏழாவது கூம்புக்கு அதுதான் வியாதி. டயஃப்ரம் காயிலோட சேர்ந்தே கிடைக்கும். மாத்த பத்து நிமிஷம். முழு யூனிட்டையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்.

கரகரன்னு பேசினா, காந்த இடுக்குல இரும்புத் தூள் மாட்டியிருக்கும். ஊதினா போகாது, காந்தம் விடாதே! செல்லோ டேப்பை மடிச்சு உள்ளே விட்டு ஒத்தி எடுக்கணும். மெயின்கார்டு கேட் பக்கத்துக் கடைகள்ல எவ்வளவு பெரிய டூல் கிட் வாங்கினாலும் இதுக்கு ஈடில்லை.

இந்தக் கூம்புக்குப் பணக்கார ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் உண்டு, எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர். இங்கிலாந்துல பீட்டர் வாக்கரோட குவாட் கம்பெனி 1957-ல ஒண்ணு கொண்டுவந்தது. இன்னிக்கும் அதைப் பழசா வாங்கி ரிப்பேர் பண்ணிக் கேட்கிற பைத்தியங்கள் இருக்காங்க. காந்தமும் இல்லை, காயிலும் இல்லை. ஓட்டை போட்ட ரெண்டு தட்டுக்கு நடுவுல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம், அதுல ஆயிரக்கணக்கான வோல்ட். ரூம் லைட்டை அணைச்சுட்டு ஓட விட்டா, நீலப் பொறி பறக்கிற இடம்தான் பேனல்ல கோளாறு. பொறி இல்லாம சத்தம் மட்டும் மங்கினா, ஜோடி ஸ்பீக்கரோட சப்ளையை இதுக்கு மாத்திக் கொடுத்துப் பார்ப்பாங்க. அப்பவும் முனகினா, ஃபிலிம் மேல இருக்கிற பூச்சு போச்சு. காவிரிக்கரை ஈரமும் தூசியும் சேர்ந்தா அந்த வோல்டேஜ் கசியத்தான் செய்யும். ஆனா ஒண்ணு, ஆஃப் பண்ணின பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். விவரம் தெரியாம கை வெச்சீங்க, அவ்வளவுதான்!

சரி, நம்ம கூம்பு ஏன் எரிஞ்சுது? மழைத்தண்ணி தேங்கலை, வாயைக் கொஞ்சம் கீழே சாய்ச்சுத்தான் கட்டியிருந்தோம். காரணம், மத்தியானம் யாரோ பாட்டுப் போட்டு, பாஸை முழுசா திருகி வெச்சது. கூம்பால அவ்வளவு தாழ்ந்த சத்தத்தை வெளியே தள்ள முடியாது. டயஃப்ரம் சும்மா முன்னும் பின்னும் குதிக்கும், காயில் சூடேறி அறுந்துடும். மைக்கை ‘டொக் டொக்’னு தட்டி, ‘ஃபூ ஃபூ’ன்னு ஊதி ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ சொல்றீங்களே, அதுலயும் நிறைய பாஸ்தான் பாஸ்! உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஏன் முறைக்கிறார்னு இப்போ புரியுதா?