'வயித்துல இருக்கும்போது கிரகணம் பார்த்தியா?' - மாரியூர் தாயும் ஓர் எழுத்துப்பிழையும்

"வயித்துல பிள்ளையோட கிரகணம் பார்த்தியா?"

"உப்பளத்துல கண்ணு கூசக் கூச வேலை பார்த்தியே, அதான்!"

சாயல்குடி பக்கம் மாரியூரில், இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு அலைந்த ஒரு தாய்க்கு, நோயைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் வலித்தது.

முதலில் கவனித்ததே அவர்தான். செல்போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் மகனின் கண்மணிகள் வெள்ளையாக மின்னின. "போன் சரியில்லக்கா" என்றார்கள். அவர் விடவில்லை. மருத்துவமனையில் பெயர் சொன்னார்கள்: ரெட்டினோபிளாஸ்டோமா. சிறு குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றிவிடலாம். மகனுக்கு இரண்டு கண்ணிலும் இருந்தது. ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றொன்றில் பார்வை தப்பியது.

"எங்க ரெண்டு பேர் வீட்டுலயும் யாருக்கும் இல்லையே டாக்டர்?"

நியாயமான கேள்வி. பதில் 'ஆர்பி1' என்ற மரபணுவில் இருக்கிறது. செல்கள் கண்டபடி பெருகாமல் பிடித்து நிறுத்தும் பிரேக் அது. நம் டிஎன்ஏ நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. அதில் 'சி'க்கு அடுத்து 'ஜி' வரும் இடங்கள் கொஞ்சம் பலவீனமானவை. அங்குள்ள 'சி'யில் மீத்தைல் என்ற சிறு வேதிப்பொருள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால், அந்த 'சி' எளிதில் 'டி' ஆகிவிடும். ஆர்பி1-ல் 'சிஜிஏ' என்ற சொல் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. அது 'டிஜிஏ' ஆனால் அர்த்தம், 'இத்தோடு நிறுத்து'. புரதம் பாதியிலேயே நின்றுவிடும், பிரேக் பிடிக்காது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாட்டுக் குழந்தைகளிடமும் இதே இடங்களில் பிழை திரும்பத் திரும்ப விழுகிறது. இவற்றைத்தான் 'மியூட்டேஷன் ஹாட்ஸ்பாட்' என்கிறார்கள்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உப்பளத்துக்கும் இல்லை. இன்னொன்றையும் ஊர் தெரிந்துகொள்ள வேண்டும்: புதிதாக விழும் இந்த மரபுப் பிழைகளில் பெரும்பாலானவை தந்தையின் விந்தணு வழியாக வருபவை. அதற்காக அப்பாவைத் திட்டவும் வேண்டாம். கோடிக்கணக்கில் நகல் எடுக்கும்போது நேரும் எழுத்துப்பிழை, அவ்வளவுதான்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவும் இந்த மரபணுவை ஆராய்ந்துவருகிறது. குழந்தையின் ரத்தத்தில் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டால், பெற்றோரின் ரத்தத்திலும் அதே இடத்தைப் பார்க்கலாம். அங்கே இல்லாவிட்டாலும் விந்தணுவிலோ கருமுட்டையிலோ ஒளிந்திருக்கச் சிறு வாய்ப்பு உண்டு. அதனால், அடுத்த குழந்தை பிறந்தால் முதல் சில வாரங்களிலேயே கண்ணைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நாளை இந்த மகனுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பிழை போய்ச் சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.